ஆண்டுக்கு இரண்டு மாதம்: இயன் ஃப்ளெமிங்கின் பற்று வரவு

1964 ஜூலை 27இல் இயன் ஃப்ளெமிங்கின் தாய் ஈவ் இறந்தார். ஆகஸ்ட் 12இல் ஃப்ளெமிங்கும் போய்விட்டார். நடுவில் 16 நாள். தகப்பன் சொத்துக்கு 47 ஆண்டு காத்திருந்த பிள்ளை அதற்கு உரியவராக இருந்த காலம் அவ்வளவுதான். ஜேம்ஸ் பாண்டை எழுதியவர் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பணம் யார் கையில், எந்த ஆண்டில், எத்தனை பவுண்டாக இருந்தது என்று பேரேட்டைத் திறந்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

குடும்பத்தின் முதல் வரவு தாத்தா ராபர்ட் ஃப்ளெமிங்கின் பெயரில். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1845இல் எளிய குடும்பத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் அலுவலகப் பையனாக வேலைக்குப் போனவர். டண்டீ அப்போது சணல் ஆலைகளின் ஊர். ஆலை முதலாளிகளிடம் பணம் தேங்கிக் கிடந்தது, அமெரிக்காவில் ரயில் பாதை போடுகிறவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. 1873இல் ராபர்ட் தொடங்கிய முதலீட்டு அறக்கட்டளை இந்த இரண்டையும் இணைத்தது. முதல் வெளியீட்டில் சேர்ந்தது 3,00,000 பவுண்டு. பிறகு லண்டனில் அவர் பெயரிலேயே வங்கி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் அதை வாங்கியபோது பேசப்பட்ட விலை ஏறத்தாழ 770 கோடி டாலர். பேரன் எழுதிய கதைகளில் வரும் எந்த வில்லனும் இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டு மிரட்டியதில்லை.

தகப்பன் வேலன்டைன் ஃப்ளெமிங் நாடாளுமன்ற உறுப்பினர். 1917 மே 20இல் பிரான்ஸ் போர்முனையில் குண்டுவீச்சில் இறந்தார். இயனுக்கு 9 வயது நிறைய இன்னும் 8 நாள் இருந்தது. டைம்ஸ் இதழில் இரங்கல் குறிப்பு எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். விட்டுப்போன சொத்து ஏறத்தாழ 2,65,000 பவுண்டு. உயிலில் ஒரு நிபந்தனை: வருமானம் முழுவதும் மனைவிக்கு, அவர் மறுமணம் செய்துகொள்ளாத வரை. செய்துகொண்டால் வெட்டு விழும். ஈவ் மறுமணம் செய்துகொள்ளவில்லை, நீண்ட நாள் வாழவும் செய்தார். நான்கு பிள்ளைகளும் செல்வத்துக்கு நடுவே வளர்ந்து, செலவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

தாத்தா உயிலில் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கையும் 1933இல் போயிற்று. அந்த ஜூலையில் ராபர்ட் இறந்தார். சொத்து பாட்டிக்கும் அவருக்குப் பின் சித்தப்பா கிளைக்கும் போயிற்று. வேலன்டைனின் நான்கு மகன்களுக்கும் சேர்த்துப் பூஜ்யம்.

அப்போது இயனுக்கு 25 வயது. ஈட்டன் பள்ளி, சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாதியில் விலகல், ஆஸ்திரியாவின் கிட்ஸ்புயலில் மொழிப் படிப்பு, வெளியுறவுத் துறைத் தேர்வில் இடம் கிடைக்காமை என்று செலவுப் பக்கம் நீளம். வருமானப் பக்கத்தில் ஒரே ஒரு வேலை, ராய்ட்டர் செய்தி நிறுவனத்தில். 1931 அக்டோபரில் அது கிடைத்ததற்கு, நிறுவனத் தலைவர் ரோட்ரிக் ஜோன்ஸிடம் அம்மா பேசியது முக்கியக் காரணம். ரொக்கமாகக் கொடுக்காத குடும்பம் சிபாரிசாகக் கொடுத்தது. அதை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஏட்டில் எழுதுவதில்லை; எழுதியிருந்தால் இந்த மனிதரின் வரவில் அதுதான் பெரிய தலைப்பு.

வேலையை அவர் நன்றாகவே செய்தார். 1933 ஏப்ரலில் மாஸ்கோவில் மெட்ரோ விக்கர்ஸ் நிறுவனத்தின் 6 பிரிட்டிஷ் பொறியாளர்கள் மீது உளவு வழக்கு நடந்தபோது ராய்ட்டர் அனுப்பியது இவரைத்தான். ஸ்டாலினிடம் பேட்டி கேட்டார். மறுத்து ஸ்டாலின் கையெழுத்தோடு பதில் வந்தது. நிருபருக்கு அதுவும் ஒரு வரவுதான். வேகமாக, பிழையின்றி, அலங்காரம் இல்லாமல் எழுதும் பழக்கம் ராய்ட்டரில் வந்தது என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தாத்தாவின் உயில் திறந்த அதே ஆண்டு அக்டோபரில் செய்தி வேலையை விட்டுவிட்டு வங்கிக்குப் போனார். 1935இல் அங்கிருந்து பங்குத் தரகு நிறுவனத்துக்கு. பணம் இல்லாத பணக்காரர் செய்யக்கூடியதைச் செய்தார். தரகு வேலையில் அவர் சிறந்து விளங்கியதாக யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் செய்த ஒரு செலவை மட்டும் தனியே குறிக்க வேண்டும். புத்தக வணிகர் பெர்சி மியூரிடம் 250 பவுண்டைக் கொடுத்து, உலகத்தில் ஏதாவது ஒன்றைத் தொடங்கிவைத்த நூல்களின் முதல் பதிப்புகளாகப் பார்த்து வாங்கச் சொன்னார். டார்வினும் வரலாம், மேரி க்யூரியின் ஆய்வேடும் வரலாம், சாரணர் இயக்கத்தின் கையேடும் வரலாம். அறிவியல் முதல் பதிப்புகளை அன்று அவ்வளவாகச் சீந்துவார் இல்லை, அதனால் மலிவு. 1963இல் லண்டனில் அச்சுக் கலையும் மனித சிந்தனையும் பற்றிய பெரிய கண்காட்சி நடந்தபோது ஃப்ளெமிங்கின் அலமாரியிலிருந்து மட்டும் 44 நூல்கள் போயின. இறந்தபின், 1970இல், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக லில்லி நூலகம் அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டது. பங்குச் சந்தையில் உட்கார்ந்தவருக்கு வாய்த்த உருப்படியான முதலீடு காகிதக் கட்டில் இருந்தது.

போர்க்காலக் கதை எல்லாருக்கும் தெரிந்தது. கடற்படை உளவுத் துறை இயக்குநர் ஜான் காட்ஃப்ரேயின் உதவியாளர், கமாண்டர் பதவி. நம் கணக்குக்கு வேண்டியது ஒரு பயணம்தான்: வேலை நிமித்தம் ஜமைக்காவுக்குப் போனவர் அங்கேயே குடியேறுவது என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினார்.

1945இல் கெம்ஸ்லி பிரபுவின் பத்திரிகைக் குழுமம் அவரை வெளிநாட்டுச் செய்தி மேலாளராக எடுத்தது. சண்டே டைம்ஸ் அந்தக் குழுமத்துடையது. உலகெங்கும் எண்பதுக்கும் மேற்பட்ட நிருபர்கள் அவர் பொறுப்பில். ஆண்டுச் சம்பளம் 4,500 பவுண்டு, செலவுப் படி 500. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. அதாவது சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 60,000 ரூபாய், மாதம் 5,000. 1950இல் நம் குடியரசுத் தலைவருக்கு அரசமைப்புச் சட்டம் நிர்ணயித்த மாதச் சம்பளம் 10,000 என்பதை வைத்துப் பார்த்தால் இந்த மேலாளரின் நிலை விளங்கும்.

ஆனால் ஒப்பந்தத்தில் சம்பளத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது: ஒவ்வொரு குளிர்காலமும் ஜமைக்காவில் கழிக்க ஊதியத்தோடு இரண்டு மாத விடுப்பு. 1945இல் உணவுக்கும் நிலக்கரிக்கும் அல்லாடிக்கொண்டிருந்த லண்டனில், வேலைக்குச் சேரும்போதே இப்படிக் கேட்கிற துணிச்சல் யாருக்கு வரும்? ஈட்டனில் படித்தவர், முதலாளியோடு ஒரே மேசையில் சீட்டாடுகிறவர், வேலை போனாலும் பட்டினி கிடக்க மாட்டோம் என்று தெரிந்தவர். குடும்பச் செல்வம் இயனுக்குத் தந்தது இந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியத்தைத்தான். 4,500 பவுண்டில் இரண்டு மாதப் பங்கு 750 பவுண்டு. ஆண்டுதோறும் அந்த 750ஐக் கெம்ஸ்லி எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவந்தார்.

1946இல் ஜமைக்காவின் வடகரையில், ஒரகபெஸ்ஸா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பழைய கழுதைப் பந்தயத் திடல் ஒன்றை வாங்கினார். 14 ஏக்கர், 2,000 பவுண்டு. ஏக்கருக்கு 143 பவுண்டு. கடற்கரை சொந்தமாகக் கிடைத்த விலை அது. வீட்டுக்குக் கோல்டன்ஐ என்று பெயர் வைத்தார். வெறும் கூரையும் தரையும். சன்னல்களில் கண்ணாடி கிடையாது, மரச்சட்டக் கதவுகள் மட்டும். 1948இல் நாடகாசிரியர் நோயல் கவர்ட் வாரம் 50 பவுண்டு வாடகைக்குக் குடிவந்து, மருத்துவமனை போல இருக்கிறது என்று சிரித்தார். வாடகையை ஃப்ளெமிங் குறைக்கவில்லை.

முதல் ஐந்து குளிர்காலம் அந்த வீட்டில் நாவல் எதுவும் எழுதப்படவில்லை. நீச்சல், மீன், விருந்தாளிகள். 1952இல் மாறியது. டெய்லி மெயில் உரிமையாளர் ரோத்தர்மியர் பிரபுவிடமிருந்து விவாகரத்து பெற்ற ஆன், கர்ப்பிணியாக உடன் இருந்தார். மார்ச் 24இல் திருமணம். விவாகரத்துத் தீர்வாக ஆனுக்குக் கிடைத்தது 1,00,000 பவுண்டு, அதாவது மாப்பிள்ளையின் 22 ஆண்டுச் சம்பளம். 43 வயதுப் பிரம்மச்சாரியின் பதற்றத்தைத் தணிக்கவே எழுத உட்கார்ந்ததாகப் பின்னாளில் விளையாட்டாகச் சொல்வார். எனக்கென்னவோ அந்த 22 ஆண்டு என்ற விகிதமும் உறுத்தியிருக்கும் என்று படுகிறது.

எழுதிய முறை ஒரு குமாஸ்தாவுக்குப் பொருந்தும். காலையில் கடலில் முழுக்கு, பிறகு காலையுணவு. 9 மணிக்குச் சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுத் தட்டச்சுப்பொறி முன் அமர்ந்தால் 12 வரை எழுந்திருப்பதில்லை. வெளியே கடல் இருக்கிறது; பார்த்தால் வேலை நடக்காது. மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். முடித்ததும் பக்கங்களை எண்ணி மேசையின் கீழ் அறையில் போட்டுவிடுவார். நேற்று எழுதியதைத் திரும்பிப் படிப்பதில்லை, படித்தால் வெட்கம் வந்துவிடும் என்பது அவர் கட்சி. நாளுக்கு 2,000 சொல். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் 18இல் கசினோ ராயல் முடிந்தபோது ஏறத்தாழ 62,000 சொல் இருந்தது. 2,000ஆல் வகுத்தால் 31 நாள். ராய்ட்டர் தந்த பழக்கம் இந்த வகுத்தலில் இருக்கிறது.

எழுதி முடித்த மகிழ்ச்சியில் நியூயார்க்கிலிருந்து தங்க முலாம் பூசிய ராயல் தட்டச்சுப்பொறி ஒன்றைத் தருவித்தார். 174 டாலர், பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற அன்றைய விகிதத்தில் 62 பவுண்டு. 1995இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது போன விலை 55,750 பவுண்டு. சுமார் 900 மடங்கு.

புத்தகம் 1953 ஏப்ரல் 13இல் ஜொனதன் கேப் பதிப்பகத்திலிருந்து வந்தது. முதல் அச்சு 4,728 படி. விலை 10 ஷில்லிங் 6 பென்னி, நம் கணக்கில் சரியாக 7 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தீர்ந்தது. மொத்த விலைமதிப்பு 2,482 பவுண்டு. வழக்கமான பத்து சதவீத ராயல்டி என்று வைத்துக்கொண்டால் எழுத்தாளர் கைக்கு 248 பவுண்டு. அதில் கால்வாசியைத் தட்டச்சுப்பொறி முன்கூட்டியே விழுங்கிவிட்டது. அமெரிக்காவில் 1954இல் வெளிவந்து அந்த ஆண்டு முழுக்க விற்றது 4,000 படிதான். கெம்ஸ்லி கொடுத்த விடுப்புச் சம்பளம் 750, கேப் கொடுத்திருக்கக்கூடியது 248: முதல் பாண்ட் நாவலுக்கு நான்கில் மூன்று பங்கு படியளந்தவர் பத்திரிகை முதலாளி என்றே சொல்லலாம்.

அடுத்து வந்தது இடைவெளி விடாத உற்பத்தி. 1953 முதல் 1966 வரை ஆண்டுக்கு ஒரு பாண்ட் புத்தகம், 14 ஆண்டில் 14. அதில் நாவல் 12, சிறுகதைத் தொகுப்பு 2. கடைசி இரண்டு அவர் இறந்தபின் வந்தவை. கடைசித் தொகுப்பு பல சமயம் எழுதிய கதைகளைத் திரட்டியது. அதைத் தள்ளினால் மிஞ்சும் 13 புத்தகங்களுக்கு 1952 முதல் 1964 வரை 13 குளிர்காலம். குளிர்காலத்துக்கு இரண்டு மாதம் என்றால் 26 மாதம். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயர், நடிகர் ஜெய்சங்கரைக்கூடத் ‘தென்னகத்து’ என்ற அடைமொழி சேர்த்து நாம் அழைத்த அந்தப் பெயர், ஒரு மனிதரின் 56 ஆண்டு வாழ்நாளில் இரண்டே கால் ஆண்டுக்கும் குறைவான விடுமுறையில் விளைந்தது. 1959 டிசம்பரில் முழுநேர வேலையை விடும்வரை அந்த விடுமுறைகளில் எட்டுக்குச் சம்பளம் உண்டு. சம்பளம் ஏறாமலே இருந்ததாக வைத்தாலும் 6,000 பவுண்டு.

பணம் மெதுவாகத்தான் வந்தது. கசினோ ராயலின் தொலைக்காட்சி உரிமைக்கு 1954இல் அமெரிக்க சிபிஎஸ் கொடுத்தது 1,000 டாலர். மறு ஆண்டு அதே நாவலின் திரைப்பட உரிமையை இயக்குநர் கிரிகரி ரேடாஃப் 6,000 டாலருக்கு முழுதாக வாங்கிவிட்டார். அவசரத்தில் விற்ற அந்த உரிமை கை மாறிக் கை மாறி, பாண்ட் படங்களின் நிரந்தரத் தயாரிப்பாளர்களிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. 2006இல் அவர்கள் எடுத்த படம் உலக அளவில் வசூலித்தது 60 கோடி டாலரை ஒட்டி. பணக்காரக் குடும்பத்தவர் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர் என்ற பொது நம்பிக்கைக்கு இந்த 6,000 டாலர் நல்ல மருந்து.

1956இல் எதிர்பாராத விளம்பரம் ஒன்று வந்தது. சூயஸ் படுதோல்விக்குப் பின் உடல் குலைந்த பிரிட்டிஷ் பிரதமர் ஆன்டனி ஈடன் ஓய்வெடுக்கத் தேர்ந்தெடுத்த இடம் கோல்டன்ஐ. மூன்று வாரம் தங்கினார். இன்னொன்று 1961 மார்ச் 17இல்: லைஃப் இதழ் வெளியிட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் விருப்ப நூல்கள் பத்தில் ஃப்ரம் ரஷ்யா வித் லவ் இருந்தது. அமெரிக்க விற்பனை அதன்பிறகே பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு படத் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மனோடு ஒப்பந்தம் முடிந்தது: உரிமையைப் பிடித்துவைக்க 50,000 டாலர், படம் ஒன்றுக்கு 1,00,000 டாலர், லாபத்தில் ஒரு பங்கு. 1,000 டாலருக்கும் 1,00,000 டாலருக்கும் இடையே ஏழு ஆண்டு.

வருமான வரியைச் சொல்லாமல் இந்த ஏட்டைப் படித்தால் தப்பாகப் போகும். 1951-52இல் பிரிட்டனில் மேல்தட்டு வருமானத்தின் கடைசிப் பவுண்டில், அதாவது 20 ஷில்லிங்கில், 19 ஷில்லிங் 6 பென்னி அரசுக்கு. எழுதுகிறவர் கையில் நிற்பது 6 பென்னி. அதனால்தான் 1952இலேயே கிளிட்ரோஸ் என்ற சிறு கம்பெனியை வாங்கி, புத்தக உரிமைகளை அதன் பெயரில் போட்டார். 248 பவுண்டு ராயல்டிக்குக் கம்பெனியா என்று அன்று கேட்டிருக்கலாம். தாத்தாவின் ரத்தம் தெரிவது இங்கேதான்.

செலவுப் பக்கத்தின் பெரிய பதிவுகள் இரண்டு. ஒன்று சிகரெட். மோர்லண்ட் கடையில் அவருக்கென்று சுருட்டிய, மூன்று தங்கக் கோடு போட்ட சிகரெட், நாளுக்கு 70. ஆண்டுக்கு 25,550. 1961 ஏப்ரலில் சண்டே டைம்ஸின் வழக்கமான செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மேசையிலேயே மாரடைப்பு வந்தது. படுக்கையில் இருந்தபடி மகன் காஸ்பருக்காக எழுதியது சிட்டி சிட்டி பேங் பேங்.

இன்னொன்று வழக்கு. தண்டர்பால் நாவலுக்கு அடிப்படை, கெவின் மெக்ளோரி, ஜாக் விட்டிங்ஹாம் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கிய திரைக்கதை. அவர்களைக் கேட்காமல் அதை நாவலாக்கினார். 1963 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நாள் விசாரணைக்குப் பின் சமரசம். இழப்பீடு 35,000 பவுண்டு, வழக்குச் செலவு 52,000. தொகையை ஏற்றவர் பழைய நண்பர் ஐவர் பிரைஸ். படத்தின் உரிமை மெக்ளோரிக்குப் போயிற்று. தவறு ஃப்ளெமிங் பக்கம்தான். கூட்டு உழைப்பைத் தன் பெயரில் மட்டும் போட்டது எந்தத் தொழிலிலும் நியாயமில்லை. விசாரணை நடந்த நாட்களில் இதயம் மேலும் மோசமானது. அடுத்த குளிர்காலம், 1964, கோல்டன்ஐயில் நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவரால் எழுத முடியவில்லை. அப்படியும் நாவல் முடிந்தது.

அந்த மார்ச்சில் கிளிட்ரோஸின் 51 சதவீதப் பங்கை, கயானாவில் சர்க்கரை வணிகம் செய்த புக்கர் சகோதரர்கள் கம்பெனிக்கு 1,00,000 பவுண்டுக்கு விற்றார். தலைவர் ஜாக் கேம்பெல் அவருடைய கோல்ஃப் கூட்டாளி. ஐந்து மாதம் கழித்து, காஸ்பருக்கு 12 வயது நிறைந்த நாளில், ஃப்ளெமிங் இறந்தார். 36 நாள் கழித்து கோல்ட்ஃபிங்கர் படம் வெளியானது. 30 லட்சம் டாலர் தயாரிப்புச் செலவை இரண்டே வாரத்தில் திரும்ப எடுத்தது. அவர் காலத்தில் விற்ற புத்தகம் 3 கோடிப் படி என்றால், அடுத்த இரண்டே ஆண்டில் விற்றது அதைப்போல் இரு மடங்கு. உயில் மெய்ப்பிக்கப்பட்டபோது சொத்து மதிப்பு 3,02,147 பவுண்டு. தகப்பன் 1917இல் விட்டுப்போனதைவிட 37,000 தான் கூடுதல். இடையில் இரண்டு உலகப்போரின் விலைவாசி ஏறியிருந்தது.

புக்கர் கம்பெனிக்கு இந்தக் கொள்முதல் ருசித்துவிட்டது. எழுத்தாளர் உரிமைகளை வாங்குவதற்கென்றே தனிப் பிரிவு வைத்து, அகதா கிறிஸ்டியின் கம்பெனியிலும் பங்கு வாங்கியது. அந்தப் பிரிவின் வழியாக வந்ததுதான் நாவலுக்கான புக்கர் பரிசு. 1969இல் முதல் பரிசுத் தொகை 5,000 பவுண்டு, கிளிட்ரோஸுக்குக் கொடுத்த விலையில் 5 சதவீதம். லண்டன் விக்டோரியா சதுக்க வீட்டில் ஆனின் இலக்கிய நண்பர்கள் பாண்ட் பக்கங்களை உரக்க வாசித்துச் சிரித்ததும், அதை வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனதும் ஃப்ளெமிங்கின் வரலாறுகளில் பதிவான சம்பவம். உயர்ந்த இலக்கியத்துக்கு அந்த நாட்டில் தரப்படும் பெரிய பரிசின் தொடக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் சிரித்த காலத்தில் யாருக்கும் தெரிய வழியில்லை.